மாத்திரைக்குப் போகும் தாய் பிள்ளையை எங்கே விட்டுப் போவாள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 26ஆம் தேதி, போதைப்பொருள் ஒழிப்பு நாளையொட்டி, எங்கள் பகுதிப் பள்ளிப் பிள்ளைகள் கையில் அட்டைகளை ஏந்தி ஊர்வலம் போகிறார்கள். மறுநாள் செய்தித்தாளில் அந்தப் படமும், அதற்குப் பக்கத்திலேயே பிடிபட்ட சரக்கின் மதிப்பு இத்தனை கோடி என்ற செய்தியும் வருகின்றன. இரண்டும் வரவேண்டியவைதான். ஆனால் 27 ஆண்டுகள் அங்கன்வாடி சேவிகாவாக, அதாவது பணியாளராக, வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு, அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு குறை உறுத்தும். பழக்கத்திலிருந்து வெளியே வரப் போராடுகிற பெண், அதிலும் இடுப்பில் குழந்தையோடு நிற்கிற பெண், அந்தச் செய்திகளில் எங்கும் தென்படுவதில்லை. அவளைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதத் தங்கள் பக்கத்தில் இடம் கேட்கிறேன்.

நான் வசிப்பது மும்பையின் டிராம்பே சீத்தா கேம்ப். 1976இல் ஜனதா காலனியை இடித்தபோது அங்கிருந்து இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. பிரவுன் சுகர் என்னும் மட்டரக ஹெராயின் எடுப்பவரை இந்த நகரத்தில் ‘கர்துல்லா’ என்கிறார்கள். மராத்திச் சொல்லானாலும் எங்கள் வீட்டுத் தமிழிலும் அது கலந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டதும் ரயில் பாலத்தடியில் சுருண்டு கிடக்கிற ஓர் ஆணின் உருவம்தான் எல்லோர் மனத்திலும் எழும். பெண்ணுக்கு அந்தப் பழக்கம் இருக்கக்கூடும் என்று ஒருவரும் நினைப்பதில்லை, நினைத்தாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, அபின், ஹெராயின், வலிநிவாரண மாத்திரை ஆகிய அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் நாட்டில் 2 கோடிக்கும் மேல். ஆண்களில் அது 4 விழுக்காடு, பெண்களில் 0.2 விழுக்காடு. அந்த 0.2 காதுக்குச் சின்னதாகப் படலாம், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பெண்கள் மட்டும் 10 லட்சத்தை ஒட்டி வருவார்கள். வீட்டுக்கு வந்து கேட்கும் ஆளிடம், மாமியார் பக்கத்தில் நிற்க, “ஆமாம், எடுக்கிறேன்” என்று எத்தனை பெண்கள் சொல்லியிருப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இந்தப் பெண்கள் அதற்குள் போகிற வழி பெரும்பாலும் கணவன் வழி. கெட்டுப்போன பிள்ளைக்குக் கால்கட்டு போட்டால் திருந்திவிடுவான் என்று ஊரில் பெண் பார்த்துக் கட்டிவைக்கும் வழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவன் திருந்தியதைவிட, வந்தவளும் அதில் விழுந்ததையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இன்னொரு வழி மருந்துக்கடை. சிசேரியனுக்குப் பிறகு முதுகுவலி, நாள் முழுதும் குந்தியிருந்து வேலை செய்வதால் இடுப்புவலி என்று தொடங்கி, சீட்டு இல்லாமலே வாங்கும் டிரமடால் மாத்திரை ஒன்று இரண்டாகி, இரண்டு ஆறாகி, அது இல்லாவிட்டால் உடம்பே எழும்பாது என்ற நிலைக்கு வந்த பெண்களை நான் அறிவேன். 2018இல்தான் டிரமடாலை அரசு போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்றரை வயது மகனை வைத்திருந்த அவள், ஒருநாள் காலை பத்து மணிக்கு என் மையத்து வாசலில் வந்து நின்று, “டீச்சர், இவன ஒரு ரெண்டு மணி நேரம் பாத்துக்கிடுதீங்களா?” என்று கேட்டாள். விதிப்படி அங்கன்வாடியில் உட்கார வைக்கக்கூடியவர்கள் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள்; அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுப் பொட்டலம் மட்டும்தான். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். என் மதத்னீஸ், அதாவது உதவியாளர், அதற்குள் பையனைத் தூக்கிக்கொண்டு போய்க் கிச்சடி ஊட்டத் தொடங்கிவிட்டார். அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். மேற்பார்வையாளர் ஆய்வுக்கு வந்து, பதிவேட்டில் இல்லாத பிள்ளை யார் என்று கேட்டபோது, என் அக்காள் பேரன் என்று பொய் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துத்தான், அவள் ஒரு சிகிச்சை மையத்துக்கு நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரைக்காகத் தினமும் போய்வருகிறாள் என்பதும், அங்கே கைக்குழந்தையோடு வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு அதற்கு முன் இரண்டு முறை சிகிச்சையைப் பாதியில் விட்டவள் என்பதும் எனக்குத் தெரியவந்தன.

அந்த மாத்திரையைப் பற்றித் தவறான எண்ணம் நம் மக்களிடையே பரவலாக இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். “ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா” என்று கேட்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. முறையாக அளவிட்டுக் கொடுக்கும்போது அது மயக்கத்தைத் தருவதில்லை. இங்கே ‘டர்க்கி’ என்று சொல்லப்படும் உடல் முறுக்கலையும், எடுத்தே ஆகவேண்டும் என்ற வெறியையும் அடக்கி, அந்தப் பெண்ணைச் சோறு பொங்கவும் வேலைக்குப் போகவும் பிள்ளைக்குத் தலை வாரவும் விடுகிறது. கர்ப்பமாக இருப்பவள்கூட அதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்றும், நிறுத்த முயல்வதைவிட மருந்தைத் தொடர்வதே தாய்க்கும் சிசுவுக்கும் பாதுகாப்பு என்றும் உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகக் கூறியிருக்கிறது. ஆனால் நம் நாட்டில் இந்த மருந்து பெரும்பாலும் மையத்தின் ஊழியர் கண்முன்னே தினமும் நாக்கடியில் வைத்துக் கரைக்கவேண்டிய மருந்து. கள்ளச் சந்தைக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது, காரணம் நியாயமானதே. ஆனால் அந்த ஏற்பாட்டை வகுத்தவர்களின் மனத்தில் இருந்த நோயாளி கைவீசி நடந்து வரும் ஓர் ஆண் என்பதும் உண்மை.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான்கு மாதம் அவள் ஒருநாளும் தவறவில்லை. அதன்பின் என்னை ஒரு கணக்கெடுப்புப் பணிக்கு அனுப்பினார்கள். எங்களுக்குத் தருவது சம்பளமல்ல, ‘மான்தன்’ என்ற மதிப்பூதியம். ஆனால் அரசின் எந்தக் கணக்கெடுப்பும் எங்கள் காலில்லாமல் நடக்காது. உதவியாளருக்கும் அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல். மையம் பதினோரு நாள் பூட்டிக்கிடந்தது. அவள் இரண்டு நாள் பையனைத் தூக்கிக்கொண்டே மாத்திரைக்குப் போனாள். மூன்றாம் நாள் அவனுக்கு வயிற்றுப்போக்கு, போகவில்லை. நான்காம் நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் கணவன் கொண்டுவந்ததைத் தொட்டுவிட்டாள். நான் திரும்பி வந்தபோது பையனை நாங்குநேரிப் பக்கம் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அவள் மீண்டும் சிகிச்சையில் நிலைபெற ஏழு மாதமாயிற்று. மகனைத் திரும்ப அழைத்து வந்த அன்று, அவன் தாயிடம் போகாமல் பாட்டியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அந்தப் பதினோரு நாளுக்கு யாரை நோவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. எந்த அதிகாரியும் தவறாக எதுவும் செய்துவிடவில்லை. தாயின் மருந்து ஓர் இலாகாவிலும் பிள்ளையின் தொட்டில் வேறோர் இலாகாவிலும் இருந்தன, அவ்வளவுதான்.

சட்டம் இவர்களைப் பற்றி நினைக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, சிகிச்சைக்காகவோ மறுவாழ்வுக்காகவோ மனநல நிலையமொன்றில் தங்கும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம், அந்த முடிவையும் 15 நாளுக்கொருமுறை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்கிறது. மது, போதைப்பொருள் பயன்பாட்டால் வரும் மனநிலைகளையும் அதே சட்டம் மனநோய் என்ற விளக்கத்துக்குள் சேர்த்திருக்கிறது. அப்படியானால் போதை சிகிச்சைக்குச் சேரும் தாய்க்கும் இந்த உரிமை உண்டு. நடைமுறையோ வேறு. மறுவாழ்வு மையங்களில் பெரும்பாலானவை ஆண்களுக்கானவை; பெண்களைச் சேர்க்கும் ஒரு மையத்துக்கு நானே தொலைபேசியில் பேசினேன். “அம்மாவை மட்டும் கொண்டுவாருங்கள், குழந்தையை உறவினரிடம் விட்டுவிடுங்கள்” என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், 2006இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி சிறையில் இருக்கும் தாயோடு ஆறு வயது வரை பிள்ளை இருக்கலாம், பெண்கள் சிறையை ஒட்டிக் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும். குற்றம் செய்து உள்ளே போனால் பிள்ளைக்குத் தொட்டில் உண்டு. குணமாக வேண்டும் என்று தானாக வந்தால் இல்லை.

பிள்ளையைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் இந்தப் பெண்களின் வாயை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2014இல், கர்ப்ப காலத்தில் போதைப்பொருள் எடுத்துக் குழந்தைக்குப் பாதிப்பு நேர்ந்தால் தாய்மீது வழக்குப் போடலாம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். பெண்கள் மருத்துவமனைக்கு வருவதையே தவிர்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். 2016இல் அந்தச் சட்டத்தை நீட்டிக்காமல் காலாவதியாக விட்டுவிட்டார்கள். இங்கே அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், அக்கம்பக்கத்தார் வாயும் போலீஸ் பயமும் அதே வேலையைச் செய்கின்றன. தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைப்பட்டவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தரும் 64ஏ என்ற பிரிவு நம் போதைப்பொருள் சட்டத்திலேயே இருப்பதை எத்தனை பெண்களுக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்?

பிறந்த குழந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய் அபின் வகைப் பொருளையோ அதற்கான சிகிச்சை மருந்தையோ எடுத்திருந்தால், பிறந்த சில நாள்களில் சிசு நடுங்கும், கிரீச்சென்று இடைவிடாமல் அழும், மார்பைப் பற்றிப் பால் குடிக்கத் தடுமாறும். இது சிகிச்சையால் தீரக்கூடிய ஒன்று. அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய சிசுக்கள் வயிறார உண்கின்றனவா, உறங்குகின்றனவா, தேற்றினால் தேறுகின்றனவா என்ற மூன்றை மட்டும் பார்த்து, முதல் மருந்தாகத் தாயின் அணைப்பையும் அமைதியான அறையையும் கொடுத்தபோது, வீட்டுக்கு அனுப்பத் தயாராகும் காலம் சராசரியாக 15 நாளிலிருந்து 8 நாளாகக் குறைந்தது. இருட்டிய அறையில் தூளி கட்டி, மெல்ல ஆட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொள்வதை நம் பாட்டிமாருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தாய்ப்பாலின் அருமையை அறிந்த ஊர் இது. ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் தொடங்கியது நம் சயான் மருத்துவமனையில்தான். நிலையான சிகிச்சையில் இருக்கும் தாய், எச்.ஐ.வி. போன்ற வேறு தடை இல்லாவிட்டால், பால் கொடுக்கலாம் என்பதே மருத்துவர்களின் இன்றைய கருத்து. அப்படியிருக்க, “உன் பாலே விஷம்” என்று பெற்றவளிடம் சொல்லும் நாத்தனார்களை என்ன சொல்வது!

ஆபத்தான காலம் பிரசவத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, அளவுக்கு மீறி எடுத்து உயிருக்கு ஆபத்தாகும் நிகழ்வுகள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மிகக் குறைவாகவும், பிள்ளை பெற்ற ஏழாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதம் வரை மிக அதிகமாகவும் இருந்ததைக் காட்டியது. அது வேறு நாடு, வேறு வகைச் சரக்கு. ஆயினும் காரணம் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை ஆஷா என்ற சுகாதாரப் பணியாளர் வருகிறார், நர்ஸ் வருகிறார், ஊசி, மாத்திரை, எடை என்று ஊரே விசாரிக்கிறது. பெற்ற ஆறாம் மாதம் சோறூட்டியதோடு அந்த விசாரிப்பு ஓய்ந்துவிடுகிறது. தூக்கமில்லாத இரவு, பல் முளைக்கும் பிள்ளை, வேலைக்குப் போகமுடியாததால் வரும் பணமுடை எல்லாம் சேர்ந்து அவள்மேல் இறங்குவது அப்போதுதான். நம் திட்டத்தில் பிள்ளைக்கு உட்கார இடமில்லாத வயதும் சரியாக அதுதான்: ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை.

இதை நிரப்பப் புதிதாக ஒரு திட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இல்லை என்பதுதான் என் முதன்மையான வாதம். 1975 அக்டோபர் 2ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நாட்டில் இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மாதம் 26 நாள், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் நடக்கும் காப்பகங்களை அங்கன்வாடியோடு இணைத்தே நடத்த வழிசெய்கிறது. கட்டட வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக 1969இல் டில்லியில் மீரா மகாதேவன் தொடங்கிய ‘மொபைல் கிரெஷ்’ இயக்கம், தாய் எங்கே இருக்கிறாளோ அங்கே தொட்டிலைக் கொண்டுபோகலாம் என்று அப்போதே காட்டிவிட்டது. அதே முறையில், புப்ரினார்ஃபின் கொடுக்கும் அரசு மருத்துவமனைப் பிரிவுகளுக்கும், ஊசி வழியாக எடுப்போருக்கான எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்ட மையங்களுக்கும் நடந்துபோகும் தூரத்தில் ஒரு பால்னா காப்பகம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது மாநகராட்சிக்கும் மாநில அரசுக்கும் இயலாத காரியமல்ல. கைக்குழந்தை வைத்திருந்து சில மாதம் தவறாமல் வந்துவிட்ட தாய்க்குச் சில நாள் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். கொரோனா ஊரடங்கின்போது அப்படிக் கொடுத்தவர்கள்தானே.

சேவிகாக்களுக்கு இதுபற்றி ஒருநாள் பயிற்சியாவது வேண்டும். இன்னொரு பதிவேட்டைத் தலையில் ஏற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியில் எடையும் உயரமும் ஏற்றியே பாதி நாள் போகிறது. இந்தப் பெண்ணின் விவரம் எந்தச் செயலியிலும் ஏறக்கூடாது என்பதுதான் என் கட்சி. பயிற்சி எதற்கென்றால், முகம் சுளிக்காமல் இருப்பதற்கும், எங்கே அனுப்புவது என்று தெரிந்துகொள்வதற்கும், பேச்சு வராமலோ நடை தாமதமாகவோ இருக்கும் பிள்ளையை 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு வேளையோடு கொண்டுபோவதற்கும்தான். தாயிடம் பழக்கம் பற்றிக் கேட்டால் அவள் எழுந்து போய்விடுவாள். “பையன் எடை குறைந்திருக்கிறானே, ராத்திரி தூங்குகிறானா?” என்று கேட்டால் உட்கார்ந்து பேசுவாள், பேச்சோடு பேச்சாகத் தன்னைப் பற்றியும் சொல்வாள். மருத்துவமனை வாசலில் நின்றால் ஏன் நிற்கிறாள் என்று ஊர் கேட்கும். பால்வாடி வாசலில் நின்றால் ஒருவரும் கேட்பதில்லை. இந்த ஒரு வசதிக்காகவே அங்கன்வாடியை விட்டால் வேறு நல்ல இடம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் நான் கேட்டிருக்கிறேன். “நல்ல தாய்மாருக்கே காப்பகம் இல்லாதபோது இவளுக்கா?” என்பது ஒன்று. அவளுக்கென்று தனியாகக் கேட்கவில்லை; மீன் விற்கப் போகிறவளும் பங்களாவில் பாத்திரம் தேய்க்கிறவளும் விடுகிற அதே இடத்தில் அவள் பிள்ளையும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். தனியாக ஒரு காப்பகம் வைத்தால் அதற்கு ஒரு வாரத்துக்குள் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள், அப்புறம் ஒருத்தியும் வரமாட்டாள். குழந்தையின் பாதுகாப்பு என்ன ஆவது என்பது இன்னொரு கேள்வி; அது மெய்யான கவலை. தாயிடம் விடவே கூடாத நிலைமையும் சில வேளை உண்டு, அப்படி ஒரு பிள்ளைக்காகக் குழந்தைகள் நலக் குழுவுக்கு நானே எழுதியிருக்கிறேன். ஆனால் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமே, பிள்ளையை விடுதியில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்கவேண்டும் என்கிறது. தினமும் காலையில் நம் கண்முன் வந்துபோகிற பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். உடம்பில் ஒரு தழும்பு இருந்தாலும், இரண்டு நாள் வராவிட்டாலும் தெரிந்துவிடும். கதவடைத்த வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையைப் பற்றி எதுவும் தெரியாது.

நம் தமிழ்ச் சங்கங்களையும் கோயில் கமிட்டிகளையும் பார்த்து ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். இப்படி ஒரு பெண்ணைப் பற்றிக் காதில் விழுந்ததும், மானம் போகாமலிருக்க முதல் ரயிலில் ஊருக்கு ஏற்றிவிடும் பழக்கத்தை நிறுத்துங்கள். ஊரில் அந்த மாத்திரை எங்கே கிடைக்கும் என்று யாரும் விசாரிப்பதில்லை. மருந்து அறுந்து, உடம்பு முறுக்கி, அவள் அங்கே படுகிற பாட்டைப் பேய் பிடித்தது என்று சொல்லி மந்திரிக்க அழைத்துப்போன குடும்பத்தையும் எனக்குத் தெரியும். விழாவுக்குப் பந்தல் போட மண்டபம் வைத்திருக்கிறீர்கள். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் அதில் பத்துப் பிள்ளைகள் தூங்க இடம் கொடுத்தால், காப்பகம் வரும்வரை அதுவே பெரிய உதவி.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஜூன் 26ஆம் தேதி ஊர்வலப் படத்தை வெளியிடும்போது, போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண்ணான 14446ஐயும், மும்பையில் புப்ரினார்ஃபின் கிடைக்கும் அரசு மையங்கள் எவை, எந்த நேரம் திறந்திருக்கும், குழந்தையோடு போகலாமா என்ற விவரத்தையும் தங்கள் நிருபர் விசாரித்து அதே பக்கத்தில் தமிழில் வெளியிட வேண்டும். மேலே சொன்ன பெண்ணுக்கு அந்த விவரம் மருந்துக்கடை வாசலில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் வழியாகத்தான் கிடைத்தது.

என் பெயரை வெளியிட்டால் எந்த மையம், எந்தக் குடும்பம் என்று எங்கள் பகுதியில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், அதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி சேவிகா,
சீத்தா கேம்ப், டிராம்பே, மும்பை.